வேன் அக்காவும் என் நோட்பேட் பிடிவாதமும்

சனிக்கிழமை காலையில் மட்டும் நான் டீச்சர். மற்ற நாட்களில் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில், சோதனை இயந்திரங்களுக்கு நிரல் எழுதுவது என் வேலை. ஜார்ஜ்டவுனில் லிட்டில் இந்தியா பக்கம், ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு ஓர் அறை இருக்கிறது. ஒருநாள் கூட்டத்தில் யாரோ, "நம்ம ஆளுங்களுக்கு புரோகிராமிங் சொல்லிக் குடுத்தா என்ன?" என்று கேட்டார்கள். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. அப்படித்தான் ஆரம்பித்தது. இலவச வகுப்பு, காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை. பதினோரு பேர் பெயர் கொடுத்தார்கள். அதில் ஒன்பது பேர் என்னைவிட வயதில் மூத்தவர்கள்.

முதல் நாளே ஒரு சட்டம் போட்டேன். யாரும் ஐடிஇ வைத்துக்கொள்ளக் கூடாது. ஐடிஇ என்றால் நிரல் எழுதுகிறவர்களின் பட்டறை மாதிரி ஒரு மென்பொருள். எழுதும் இடம், ஓட்டிப் பார்க்கும் இடம், தவறு இருந்தால் சிவப்புக் கோடு போட்டுக் காட்டும் வசதி எல்லாம் ஒரே ஜன்னலில் இருக்கும். பாதி வார்த்தை அடித்தால் மீதியை அதுவே எடுத்துக் கொடுக்கும். அதெல்லாம் இரண்டு மாதம் கழித்து என்று சொன்னேன். அதுவரைக்கும் நோட்பேடில் எழுத வேண்டும், கருப்பு ஜன்னலைத் திறந்து கட்டளை அடித்து ஓட்ட வேண்டும்.

"முதல்ல கைல சமைக்கக் கத்துக்கங்க. மெஷின் அப்புறம் வாங்கலாம்" என்று ஏதோ பெரிய உண்மையைச் சொல்வது போலச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமை என் சொந்தச் சரக்கு இல்லை. பாலிடெக்னிக்கில் எனக்கு முதலில் பாடம் எடுத்த விரிவுரையாளர் அப்படித்தான் எங்களைப் பழக்கினார். கருப்புத் திரை, வெள்ளை எழுத்து, ஒரு கேள்விக்கும் நேரான பதில் வராது. முதல் செமஸ்டர் முடிவதற்குள் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் வேறு துறைக்கு மாறிப் போனார்கள். நான் மாறவில்லை. பதினைந்து வருடமாக அதை ஒரு பதக்கம் மாதிரி நெஞ்சில் குத்திக்கொண்டு திரிந்தேன். மாறிப் போன அந்தப் பாதிப் பேரைப் பற்றி ஒரு நாளாவது யோசித்திருப்பேனா என்றால், இல்லை.

என் வகுப்பில் ஓர் அக்கா இருந்தார். ஐம்பது வயது இருக்கும். கடலுக்கு அந்தப் பக்கம் நிபோங் திபாலிலிருந்து ரயிலில் பட்டர்வொர்த் வந்து, அங்கிருந்து ஃபெரி பிடித்து, படகுத்துறையிலிருந்து நடந்தே வருவார். மணி ஒன்பதே முக்காலுக்கு அறை வாசலில் நிற்பார். சாவி என்னிடம்தான் இருக்கும், நான்தான் தாமதமாக வருவேன். இருபத்தெட்டு வருடம் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஆப்பரேட்டராக வேலை செய்தவர். அந்தப் பிரிவை மூடியதும் ஒரு பழைய வேனை வாங்கி, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்க ஆரம்பித்திருந்தார். நிபோங் திபால் தாமான் குடியிருப்புகளில் சில வீடுகள், பைராம் தோட்டத்துப் பக்கம் சில வீடுகள். எல்லோரும் அவரை வேன் அக்கா என்றே கூப்பிட்டோம்.

எதற்காகக் கற்றுக்கொள்ள வந்தீர்கள் என்று முதல் நாள் எல்லோரையும் கேட்டபோது, மற்றவர்கள் பொதுவாக ஏதோ சொன்னார்கள். வேன் அக்கா மட்டும் தெளிவாகச் சொன்னார்.

"காலைல அஞ்சு மணிக்கு வாட்ஸ்அப்ல மெசேஜ் வரும் டீச்சர். இவனுக்குக் காய்ச்சல், அவ இன்னைக்கு வரல, இவன அப்பாவே கொண்டு போறாருன்னு. வரலன்னு சொன்ன வீட்டு வாசல்லயே போயி நாலு தடவ ஹாரன் அடிச்சிருக்கேன். வருவேன்னு சொன்ன பிள்ளைய ஒருநாள் விட்டுட்டே போயிட்டேன். யாரு வரலன்னு நான் சொன்னா, மிச்ச வீடுங்கள வரிசையா காட்டுற மாதிரி ஒண்ணு செய்யணும்."

அவர் மனதில் பிள்ளைகளுக்குப் பெயர் கிடையாது. பச்சை கேட் வீடு, நாய் வீடு, ரெட்டைப் பிள்ளைங்க வீடு, மாமரத்து வீடு. பட்டியலையும் அப்படியேதான் எழுதினார். இரண்டாவது வாரம் அதை ஓட்டிப் பார்த்தபோது, கருப்பு ஜன்னலில் தமிழ் வரவில்லை. கட்டம் கட்டமாக வந்தது. அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"அது அப்படித்தான் அக்கா. இங்கிலீஷ்ல எழுதிக்குங்க" என்றேன்.

"பச்சை கேட் வீட்ட க்ரீன் கேட்டுன்னு எழுதணுமா?"

"ஆமா."

அவர் அழித்துவிட்டு எழுத ஆரம்பித்தார். ஆங்கிலத்தில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். மேற்கோள் குறி ஒன்றைத் திறந்து மூட மறந்தார். ஒரு வரிக்கு முன்னால் நான்கு இடைவெளி விட வேண்டிய இடத்தில் மூன்று விட்டார். நோட்பேடில் இடைவெளியை எப்படி எண்ணுவது? வெள்ளையில் வெள்ளை. கருப்பு ஜன்னல் ஆங்கிலத்தில் நீளமாகத் திட்டியது. "அது என்ன சொல்லுதுன்னு படிச்சுப் பாருங்க அக்கா, நீங்களே கண்டுபிடிப்பீங்க" என்று சொல்லிவிட்டு நான் அடுத்த மேசைக்குப் போனேன். நான் உதவி செய்யாமல் இருப்பதுதான் அவருக்கு உதவி என்று நிஜமாகவே நம்பினேன்.

ஐந்தாவது வாரம் அது நடந்தது. அக்கா வீட்டிலேயே உட்கார்ந்து, இரண்டு நாள் பாடுபட்டு, நிரலை ஒழுங்காக எழுதிக்கொண்டு வந்திருந்தார். வகுப்பில் திறந்து ஓட்டினார். அப்படி ஒரு கோப்பே இல்லை என்றது கருப்பு ஜன்னல். கோப்பு அவர் கண் முன்னால் இருந்தது. பெயரும் சரியாக இருந்தது. மறுபடி ஓட்டினார். கோப்பு இல்லை. பெயரை மாற்றிச் சேமித்து ஓட்டினார். இல்லை. பத்தே கால் மணிக்கு ஆரம்பித்தவர் பதினொன்றே முக்கால் வரைக்கும் அதையே செய்துகொண்டிருந்தார். நான் கடைசியாகத்தான் அவர் மேசைக்குப் போனேன்.

விஷயம் சின்னது. நோட்பேடில் சேமிக்கும்போது ஓர் இடத்தைச் சொடுக்கி மாற்றாவிட்டால், கோப்புப் பெயருக்குப் பின்னால் அது தானாக .txt என்று ஒரு வாலைச் சேர்த்துவிடும். அந்த வாலை விண்டோஸ் நம் கண்ணுக்குக் காட்டாமல் மறைத்து வைக்கும். அக்கா எழுதிய நிரலில் ஒரு தப்பும் இல்லை. முழுசாகச் சரி. ஆனால் நான் அதைச் சொல்லவில்லை. என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"முதல் வாரமே சொன்னேனே அக்கா, இதக்கூட கவனிக்கலையா?"

கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன். பத்துப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. மடிக்கணினியை மூடி, துணிப்பையில் வைத்து, "ஃபெரிக்கு நேரமாச்சு டீச்சர்" என்று கிளம்பினார்.

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் இல்லை.

அந்த இரண்டாவது சனிக்கிழமை, வகுப்பில் மற்றோர் அண்ணனை நான் எல்லோர் முன்னாலும் பாராட்டினேன். புக்கிட் மெர்தாஜாமில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர். கொடுத்த பயிற்சி எல்லாவற்றையும் ஒரு வாரம் விடாமல் சுத்தமாகச் செய்து வருவார். "பாருங்க, நோட்பேட மட்டும் வச்சுக்கிட்டு அண்ணன் எவ்வளவு தூரம் வந்துட்டாரு. இதுக்குத்தான் நான் ஐடிஇ வேணாம்னு சொன்னேன்" என்றேன். அண்ணன் தலை குனிந்துகொண்டார். அடக்கம் என்று நினைத்தேன்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு அவர் மட்டும் நின்றார்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க."

"சொல்லுங்கண்ணே."

"நான் நோட்பேட்ல எழுதல லா. முதல் வாரத்துலேர்ந்தே ஐடிஇதான். வீட்ல அதுல எழுதி சரி பண்ணிட்டு, இங்க வரும்போது நோட்பேட்ல காப்பி பண்ணிடுவேன். நீங்க இவ்வளவு பாராட்டுறதக் கேட்டா மனசு கேக்கல."

நாற்காலியில் உட்கார்ந்தேன். என் சட்டத்துக்குச் சாட்சியாக நான் எல்லோர் முன்னாலும் காட்டிய ஆள், முதல் நாளிலிருந்தே என் சட்டத்தை மீறியவர்! கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புதான் வந்தது. அவரும் தயங்கித் தயங்கிச் சிரித்தார்.

ஆனாலும் விட மனமில்லை. ஒரு சின்ன நிரலை நோட்பேடில் எழுதி, அதில் வேண்டுமென்றே மூன்று தப்புகளை வைத்து அவரிடம் நீட்டினேன். இப்போது மாட்டுவார் என்று பார்த்தேன். ஒரு நிமிடத்தில் மூன்றையும் விரலால் தொட்டுக் காட்டினார்.

"எப்படிண்ணே?"

"சிவப்புக் கோடு வரும்ல டீச்சர். அதுமேல மவுஸ வச்சா ஏன்னு சொல்லும். முதல் தடவ படிச்சேன். ரெண்டாவது தடவையும் படிச்சேன். பத்தாவது தடவ, கோடு வர்றதுக்கு முன்னாடி கையே நின்னுருது."

"சரி, இத இப்ப கருப்பு ஜன்னல்ல ஓட்டிக் காட்டுங்க."

அவர் விசைப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐடிஇயில் பச்சை முக்கோணத்தை அமுக்கினால் நிரல் ஓடும். அது இல்லாமல் எப்படி ஓட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கோப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் தெரியவில்லை. "இங்க மாட்டிக்கிட்டேன் லா" என்று தலையைச் சொறிந்தார்.

அன்று வீட்டுக்கு, ஜெலுத்தோங்குக்கு, பஸ்ஸில் போகும்போது எனக்கு அந்த அண்ணன் நினைவு இல்லை. வேன் அக்காவின் சிரிப்புதான் திரும்பத் திரும்ப வந்தது. அண்ணன் என் பேச்சைக் கேட்கவில்லை, அதனால் கற்றுக்கொண்டார். அக்கா நான் சொன்னதையெல்லாம் அப்படியே கேட்டார், அதனால் போய்விட்டார்.

செய்தி அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது, படித்துவிட்டார்; பதில் வரவில்லை. மறுநாள் "வேன் வேலை கூடிப்போச்சு டீச்சர்" என்று ஒரு வரி வந்தது. புதன்கிழமை நான் மறுபடி அனுப்பினேன்: "உங்களப் பாக்க வரலாமா அக்கா?" பிறகு, ஒரு வார்த்தையும் இல்லாமல், வீடு இருக்கும் இடத்தின் வரைபடக் குறி மட்டும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடல்மேல் போகும் இரண்டாவது பாலத்தில் காரை எடுத்துக்கொண்டு போனேன். போகும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். வீட்டு வாசலில் வேன் நின்றது. அக்கா உள்ளே முட்டி போட்டு, இருக்கைகளுக்கு அடியில் ஒட்டியிருந்த மிட்டாயைச் சுரண்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்தார்.

"அக்கா, உங்க புரோகிராம் சரியா இருந்துச்சு. ஒரு தப்பும் இல்ல. அத அன்னைக்கே சொல்லியிருக்கணும். எல்லார் முன்னாடியும் அப்படிப் பேசினது என் தப்பு. மன்னிச்சிருங்க" என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். ஒத்திகை பார்த்த எதுவும் அதில் இல்லை.

அக்கா வேன் படியைக் கையால் தட்டிக் காட்டினார். "உக்காருங்க தங்கச்சி" என்றார். வகுப்பில் டீச்சர், இங்கே தங்கச்சி. வேன் படியிலேயே இரண்டு பேரும் உட்கார்ந்தோம். உள்ளேயிருந்து அவர் தே ஓ, பால் இல்லாத டீ, கொண்டுவந்தார். இனிப்பு தூக்கலாக இருந்தது.

"நான் கோவத்துல வகுப்ப நிறுத்தல," என்றார். "எனக்கு மூளை பத்தாதுன்னு நெனச்சேன். அன்னைக்கு ஒன்றரை மணி நேரம். ஒரு வாலு! அதக்கூட கண்டுபிடிக்க முடியலன்னா நமக்கு எதுக்கு இதெல்லாம்னு தோணுச்சு."

"அந்த வாலு கண்ணுக்கே தெரியாது அக்கா. எனக்கே ஒரு தடவ பாதி நாள் போயிருக்கு."

"இத ஏன் வகுப்புல சொல்லல?"

நான் தே ஓவை ஒரு மடக்கு குடித்தேன். அவரே பேச்சைத் தொடர்ந்தார்.

"ஃபேக்டரில நான் புது ஆளுங்களுக்கு மெஷின் பழக்கியிருக்கேன். மெஷின் வாய்ல ஒரு லைட்டு இருக்கும். கைய உள்ள விட்டு அந்த லைட்ட மறைச்சா மெஷின் டக்குன்னு நின்னுரும். பழகுன ஆளுக்கு அது தேவையே இல்ல. புதுசா வர்ற பிள்ளைக்குத்தான் அது. முதல்ல லைட்ட அணைச்சுட்டுக் கத்துக்கோ, அப்பதான் கை பழகும்னு நான் யாரையும் சொன்னதில்ல."

அவர் அதோடு முடித்திருந்தால், ஐடிஇதான் சரி என்று அன்றே முடிவு கட்டியிருப்பேன். ஆனால் அக்கா முடிக்கவில்லை.

"இன்னொண்ணும் இருக்கு. இருபத்தெட்டு வருஷம் பச்சை பட்டன அமுக்குனேன். அமுக்குனா ஓடும், செவப்ப அமுக்குனா நிக்கும். உள்ளுக்கு என்ன நடக்குதுன்னு ஒருத்தரும் சொல்லல. கேட்டா, உன் வேலையப் பாருன்னுட்டாங்க. உங்க வகுப்புக்கு நான் வந்தது வேன் லிஸ்ட்டுக்கு மட்டும் இல்ல தங்கச்சி. உள்ளுக்கு என்ன நடக்குதுன்னு யாராவது ஒரு தடவ சொல்ல மாட்டாங்களான்னுதான்."

அவருக்கு இரண்டும் வேண்டும். கை போகும்போது நிறுத்துகிற விளக்கும் வேண்டும், மூடியைத் திறந்து உள்ளே பார்க்கவும் வேண்டும். ஒன்றுக்காக இன்னொன்றை ஏன் விட வேண்டும் என்பது அவருக்குப் புரியவில்லை. அவர் கேட்டபோது எனக்கும் புரியவில்லை.

மடிக்கணினியை எடுத்துவரச் சொன்னேன். வேலையில் நான் பயன்படுத்தும் பெரிய ஐடிஇயை, என் கைப்பேசி இணையத்தில் இறக்கிப் போட்டேன். பழைய மடிக்கணினி. திறக்கச் சொன்னால் மூச்சு வாங்கியது. விசிறி சத்தம் போட்டது. கடைசியில் திறந்தபோது திரை முழுக்க பொத்தான்களும் பட்டைகளும் குட்டிக் குட்டிப் படங்களும்.

"சூசா லா இது" என்றார் அக்கா. மலாயில் கஷ்டம் என்று அர்த்தம். "ஏரோப்ளேன் மாதிரி இருக்கு. இது திறக்குறதுக்குள்ள நான் ரெண்டு பிள்ளைய ஏத்திட்டு வந்துருவேன்."

அதை நீக்கிவிட்டு, ஆரம்பக்காரர்களுக்கென்றே செய்த சின்ன ஐடிஇ ஒன்றைப் போட்டேன். மேலே எழுதும் இடம், கீழே ஓடும் இடம், நடுவில் ஏழெட்டுப் பொத்தான்கள். வார்த்தையை எடுத்துக் கொடுக்கும் வசதியை மட்டும் அணைத்து வைத்தேன். அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை நான்.

அக்கா தன் பழைய பட்டியலைத் திறந்தார். க்ரீன் கேட்டை அழித்தார். கைப்பேசியில் தமிழில் தட்டி அனுப்பி, அதை எடுத்து ஒட்டினார். பச்சை கேட் வீடு. நாய் வீடு. மாமரத்து வீட்டுக்குப் பின்னால் மேற்கோள் குறியை மூட மறந்தார். அந்த வரியே நிறம் மாறி நின்றது. நான் வாயைத் திறக்கவில்லை. அவர் குனிந்து பார்த்தார், "ஓ, இவன மூடல" என்றார், மூடினார். பச்சைப் பொத்தானை அமுக்கினார். யார் வரவில்லை என்று கேட்டது. நாய் வீடு என்று கொடுத்தார். மிச்ச வீடுகள் வரிசையாக, தமிழில், கட்டம் இல்லாமல் வந்து நின்றன.

அக்கா திரையை என் பக்கம் திருப்பி, "பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். பிறகு மறுபடி ஓட்டினார். ரெட்டைப் பிள்ளைங்க வரவில்லை என்று கொடுத்தார். பிறகு ஒருவருமே வரவில்லை என்று கொடுத்துப் பார்த்தார். காலியாக வந்தது. "லீவு நாளு!" என்று சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பின் வித்தியாசம் இப்போது தெரிந்தது.

"இப்ப உள்ளுக்குப் பாப்போம்" என்றேன். கருப்பு ஜன்னலைத் திறந்தேன். பச்சைப் பொத்தானை அமுக்கினால் ஐடிஇ நமக்குப் பின்னால் என்ன செய்கிறது, கோப்பை எங்கிருந்து எடுக்கிறது, யாரிடம் கொடுக்கிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். மறைந்திருக்கும் வால்களையும் கண்ணுக்குத் தெரியும்படி மாற்றிக் கொடுத்தேன். அக்கா ஒரு பழைய வேன் ரசீதின் பின்புறத்தில் அம்புக்குறி போட்டுப் போட்டு எழுதிக்கொண்டார். நோட்பேடில் ஐந்து வாரம் ஓட்டியும் வராதது அரை மணி நேரத்தில் வந்தது. ஓடுகிற ஒன்று கையில் இருக்கும்போது, அது எப்படி ஓடுகிறது என்று கேட்கத் தெம்பு வருகிறது.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் என் சட்டத்தை நானே எடுத்தேன். சும்மா எடுக்கவில்லை, ஏன் எடுக்கிறேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். அண்ணனின் அனுமதியோடு அவர் கதையையும் சொன்னேன். அதைக் கேட்டதும் இன்னும் இரண்டு பேர் மெதுவாகக் கையைத் தூக்கினார்கள். அவர்களும் வீட்டில் ஐடிஇதான்! அறை முழுக்கச் சிரிப்பு. வேன் அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

அதற்குப் பிறகு ஒரு முறை வைத்துக்கொண்டோம். மூன்று வாரம் ஐடிஇ, நான்காவது வாரம் கருப்பு ஜன்னல். அந்த நான்காவது வாரம் வந்தால் அண்ணன் முனகுவார், அக்கா முன்வரிசைக்கு வந்துவிடுவார். பத்து வாரம் என்று ஆரம்பித்த வகுப்பு பதினாறு வாரம் ஓடியது. பதினோரு பேரில் ஒன்பது பேர் கடைசி வரைக்கும் இருந்தார்கள். போன இரண்டு பேரில் ஒருவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனார். இன்னொருவருக்கு, அவரே சொன்னபடி, இது பிடிக்கவில்லை. அதுவும் நியாயம்தான்.

இப்போது மூன்றாவது குழு நடக்கிறது. அக்கா படித்து முடித்துவிட்டார், ஆனாலும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை வருவார். ஏதாவது ஒரு சந்தேகத்தைக் கொண்டுவருவார். வேன் பட்டியல் வளர்ந்துகொண்டே போகிறது. மழை நாளில் எந்த வீட்டுக்கு முதலில் போக வேண்டும் என்பதையும் இப்போது அது சொல்கிறதாம்.

போன வாரம் வகுப்பு முடிந்து, கீழே இறங்கி, பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் வடையும் டீயும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். நான் அணைத்து வைத்திருந்த, வார்த்தையை எடுத்துக் கொடுக்கும் வசதியை அக்கா தானே தேடிப் பிடித்து முடுக்கிவிட்டிருந்தார்.

"அது கைய சோம்பேறி ஆக்கிடும் அக்கா" என்றேன்.

"எனக்கு அம்பத்திரண்டு வயசு. கை கொஞ்சம் சோம்பேறி ஆனா என்ன லா?"

"புதுசா வர்றவங்களுக்கு நான் அணைச்சுத்தான் வைப்பேன்."

"வைங்க. அவங்களும் தேடிப் பிடிப்பாங்க."

அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசினோம். அவரும் விடவில்லை, நானும் விடவில்லை. பக்கத்து மேசைக்காரர் என்னவோ குடும்பச் சண்டை என்று நினைத்து இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். கடைசியில் அக்கா கடிகாரத்தைப் பார்த்து எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வெயிலில் குடையை விரித்தபடி படகுத்துறைப் பக்கம் நடந்தார். நான் இன்னொரு டீ சொன்னேன்.